ஒன்றாம் கூடமும் ஏழாம் கூடமும்

நாற்பத்தோரு அத்தியாயங்களாக நான் அந்த வீட்டில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். 'ஹன்னம் மேட்டு மாளிகை' என்ற வாரக்கடைசித் தொடரைப் பார்த்தவர்களுக்கு என் முகம் நினைவிருக்காது. பெரும் பணக்காரக் குடும்பம் ஒன்று சோபாவில் உட்கார்ந்து யாரை யாருக்குக் கட்டிவைக்கக் கூடாது என்று சண்டை போடும். அப்போது ஓரத்திலிருந்து ஒருத்தி வந்து பழத்தட்டை வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பணிப்பெண் நான்தான். பெயர் தாக் ஒக்சுன், வயது ஐம்பத்தேழு. தொலைக்காட்சி நிலையத்தின் பதிவேட்டில் ஒன்பதாம் தர நடிகை. தரம் பதினெட்டு வரை உண்டு. பதினெட்டாம் தரத்தார் அழுதால் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வரும். ஒன்பதாம் தரத்தார் அழுதால், "பின்னாடி யாரு அது, சத்தம் வருது" என்பார்கள்.

என் கணவர் ப்யோன் சாங்கில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தொடரை ஒரே ஒரு நாள்தான் முழுதாக உட்கார்ந்து பார்த்தார். "அஞ்சு மாடி வீடு, லிஃப்ட் இல்ல. இவனுங்களைப் பணக்காரன்னு எப்படி நம்புறது?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் காலணிக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே, துக்கம் கேட்க வருவோருக்கென்று அதன் சாவுக் கூடங்கள் இருக்கும் கட்டடம். நிலவறையில் உள்ள ஏழாம் கூடம், இருப்பதில் சிறியது, காலியாக இருந்தது. எடுத்துக்கொண்டோம். பெட்டியில் வைக்கும் சடங்குக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி என்று எழுதிக் கொடுத்தார்கள். குளிப்பாட்டி, சணல் துணி உடுத்தி, குடும்பத்தாரை உள்ளே கூப்பிடுவார்கள். முகத்தைத் தொடலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். அப்புறம் முகத்தைத் துணியால் கட்டி மூடிவிடுவார்கள். மூன்று மணிக்கு வேறு குடும்பம் காத்திருந்தது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல இருந்தது. நடக்க முடிகிறது, கால்தான் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நினைத்தேன். இரண்டு மணிக்கு அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் அழுகை வந்துவிடும், வந்துவிட்டால் எல்லாம் சரியாகும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

துணை இயக்குநர் பாங்குக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். முப்பது வயதுப் பெண், நல்ல பிள்ளைதான்.

"உங்க வீட்டுக்காரர் போனது ரொம்ப வருத்தமா இருக்கு அக்கா," என்றாள். "ஆனா சொந்த விடுப்புன்னா ஏழு நாளைக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். போன வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தீங்கன்னா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

"போன வெள்ளிக்கிழமை அவர் நல்லாத்தான் இருந்தார்."

"எனக்குப் புரியுது அக்கா. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் குரல் அப்படியே மலர்ந்துவிட்டது. "அய்யோ அக்கா, நாளைக்கு நம்ம ஷூட்டிங்கே அங்கதான். தலைவர் சாவு. மேல ஒன்றாம் கூடம் எடுத்திருக்கோம். நீங்க லிஃப்ட்ல ஏறி வந்தாப் போதும். எவ்வளவு வசதியாப் போச்சு பாருங்க."

தலைவர் என்பது தொடரில் வரும் ஹன்னம் குழுமத் தலைவர். நாற்பது அத்தியாயமாக மார்பைப் பிடித்துக்கொண்டு சாயாமல் இருந்தவர். பார்ப்போர் விகிதம் முப்பதைத் தொடாமல் இருபத்தொன்பதிலேயே நொண்டிக்கொண்டிருந்ததால் அவரைச் சாகடிப்பது என்று நிலையத்தில் நாலு கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள். என் கணவர் விஷயத்தில் எந்தக் கூட்டமும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நாடகத் துறைத் தலைவர் மேங் எங்கள் கூடத்துக்கு நேரில் வந்தார். அது பெரிய மரியாதை. என் கணவரின் படத்துக்கு முன்னால் இரண்டு முறை முறைப்படி விழுந்து வணங்கினார். என் மகள் யூரிமுக்கும் எனக்கும் ஒரு வணக்கம். அப்புறம் தாழ்வான மேசையில் உட்கார்ந்து காரமான மாட்டுக்கறி சூப்பில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். யூரிம் எங்கள் ஒரே பிள்ளை, இருபத்தெட்டு வயது, பல் ஆஸ்பத்திரியில் வேலை. அவளுக்கு அப்பாவைப் போலவே பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று வரும்.

"நிலையத்தோட சார்பா மலர் வளையம் வைக்கணும்னு எனக்கு ஆசை," என்றார் மேங். "ஆனா அது பத்தாம் தரத்துல இருந்துதான். விதியை நான் மீற முடியுமா? அதனால ஒரு வழி பண்ணியிருக்கேன். மேல தலைவருக்கு நூத்தி நாப்பது வளையம் வந்திருக்கு. அதுல ஒன்னை இறக்கி வைக்கச் சொல்லியிருக்கேன்."

வளையம் வந்தது. ஆள் உயரம், மூன்றடுக்கு வெள்ளைச் சாமந்தி. தொங்கிய நாடாவில் 'ஹன்னம் குழுமத் தலைவரின் மறைவுக்கு ஆழ்ந்த அஞ்சலி, தேசிய தொழிலதிபர் சங்கம்' என்று எழுதியிருந்தது. என் கணவரோடு வேலை பார்த்தவர்கள் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். "சாங்கில் அண்ணனுக்கு இப்படி ஒரு பழக்கம் இருந்ததை நம்மகிட்ட சொல்லவே இல்லையே," என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். அரை மணி நேரத்தில் இரண்டு பேர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மேலே கேமராவில் ஒரு இடைவெளி தெரிகிறதாம்.

"அம்மா ரெண்டு மணிக்கு இங்க இருக்கணும்," என்று யூரிம் மேங்கிடம் சொன்னாள். "தெரியும்ல?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? நாங்க குடும்பத்தைப் பத்தித்தானே நாடகம் எடுக்கிறோம். குடும்பத்தோட அருமை எங்களைவிட யாருக்குத் தெரியும்? அதுக்காகத்தான் என் பொண்ணு பட்டமளிப்புக்குக்கூட நான் போகல. அவ கல்யாணத்துக்குப் போனேன், பாதியில வந்துட்டேன். இன்னைக்கு அவ என்கிட்ட பேசுறதில்ல, ஆனா தொடரைப் பாக்குறா. அதுதான் குடும்பம்." சூப்புக் கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிக் குடித்து முடித்தார். "உங்க அம்மாவுக்கு ஒரே வரி. ஒன்றரைக்கு அனுப்பிடுவோம்."

யூரிம் என்னைப் பார்த்தாள். "போகாதம்மா."

போகாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். போகாவிட்டால் அடுத்த அத்தியாயத்தில், "பணிப்பெண் தங்கச்சி வீட்டோட போயிட்டா" என்று யாராவது ஒரு வரி சொல்வார்கள். அதோடு என் கதை முடிந்தது. ஆனால் உண்மையான காரணம் அதுவும் இல்லை. இருபத்தாறு வருடமாகத் தரையில் ஒட்டிய நாடாத் துண்டின் மேல் நில் என்றால் நின்று, போ என்றால் போய்ப் பழகியவள் நான். அன்றைக்கு எங்கே நிற்க வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும் என்று இருந்தது. மேலே போனேன்.

ஒன்றாம் கூடம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. வளையங்கள் வராந்தாவைத் தாண்டி மாடிப்படி வரை நின்றன. உடைப் பிரிவுப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கறுப்பு ரொம்ப நல்லா இருக்கே. வேலைக்காரிக்கு இவ்வளவு நல்ல கறுப்பு ஆகாது."

விதவைக்கென்று கூடத்தில் வாடகைக்குக் கொடுத்த கறுப்பு ஹன்போக் உடை அது. அதைக் கழற்றி, சாயம் போன கறுப்பு ஒன்றை மாட்டினார்கள். தலையில் குத்தியிருந்த வெள்ளை நாடா ஊசியையும் எடுக்கச் சொன்னார்கள். வீட்டுப் பெண்கள் மட்டும்தான் அதைக் குத்தலாம். பணிப்பெண் தலைவர் வீட்டுப் பெண் இல்லையே. ஊசியைப் பாங் தன் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் குக் மூன்று நாளாகத் தூங்காதவர். எழுத்தாளர் ஏதோ ஒரு விடுதியில் உட்கார்ந்து எழுதி, பக்கம் பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கம் வந்தால்தான் அடுத்து யார் யாருக்கு மகன் என்று தெரியும். நாளைக்கு மாலை ஒளிபரப்பு.

"உங்க வரி, 'தலைவரே, காலைக் கஞ்சியைக்கூடக் குடிக்காமப் போயிட்டீங்களே'. அவ்வளவுதான் அக்கா," என்றார் குக்.

பதினொன்றரைக்குத் தொடங்கினோம். முதலில், தலைவரின் மனைவி, தன் மகனைக் காதலிக்கும் டிரைவர் மகளை விரட்ட வேண்டும். அதற்கு முகத்தில் தண்ணீர் வீச வேண்டும். சாவு வீட்டில் டம்ளர் கிடைத்தது. ஆனால் விளம்பரதாரர் வீட்டு ஆள் ஒருவர் நின்றுகொண்டு, தண்ணீர் அவர்கள் பாட்டிலிலிருந்துதான் வர வேண்டும், பெயர் இரண்டு நொடி தெரிய வேண்டும் என்றார். வீசும்போது பெயர் தெரியவில்லை. பெயர் தெரியும்படி வீசினால் தண்ணீர் முகத்தில் படவில்லை. ஏழு முறை வீசினார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணின் தலையை உலர்த்தி, தரையைத் துடைத்து, மறுபடி. மணி ஒன்று ஆனது.

ஒன்று பத்துக்குப் புதிய பக்கம் வந்தது. தலைவர் வளர்த்த மகன் மகன் இல்லையாம். விரட்டப்பட்ட டிரைவர் மகளின் அண்ணன்தான் மகனாம். அதைக் கேட்டுத் தலைவர் மனைவி மயங்கி விழ வேண்டும். விழுந்ததும் நான் ஓடிப் போய்ச் சிவப்பு ஜின்செங் வேர்ச் சாற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் வைக்க வேண்டும். அதுவும் விளம்பரம்தான்.

"இயக்குநரே, எனக்கு ரெண்டு மணிக்குக் கீழே..."

"தெரியும் அக்கா. அதனாலதான் மயக்கத்தை முன்னாடி இழுத்திருக்கேன்."

மயக்கம் நாலு டேக். மணி ஒன்று ஐம்பது. கிளம்பலாம் என்று பாங்கிடம் ஊசிக்காகக் கை நீட்டினேன். இன்னொரு பக்கம் வந்துவிட்டது. பெட்டியில் வைக்கும் காட்சி. குடும்பத்தார் எல்லாரும், பணிப்பெண்ணும், தலைவரின் முகத்தைப் பார்த்து விடைபெற வேண்டும்.

"அக்கா, சும்மா பின்னாடி நின்னாப் போதும்," என்றார் குக். "நீங்க இல்லேன்னா முந்தின காட்சியோட ஒட்டாது."

தலைவராக நடித்தவர் யோம் சார். எழுபத்து நாலு வயது, பதினெட்டாம் தரம். சணல் துணி உடுத்திக் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் படுத்திருந்தார். ஒவ்வொருவராகப் போய் அழுதார்கள். கடைசியில் என் முறை. கஞ்சி வரியைச் சொல்லிவிட்டு நகர வேண்டும்.

என் கணவருக்கு ஒரு புருவம் மட்டும் எப்போதும் நட்டுக்கொண்டு நிற்கும். காலையில் அவர் கிளம்பும்போது கட்டைவிரலால் அதைத் தடவிப் படியவைப்பேன். முப்பத்தோரு வருடப் பழக்கம். யோம் சாரின் முகத்துக்கு மேல் குனிந்தபோது வரி மறந்துவிட்டது. என் கை தானாகப் போய் அவர் புருவத்தைத் தடவியது. அவர் புருவம் ஏற்கெனவே படிந்துதான் இருந்தது.

குக் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் கண் நிறைந்திருந்தது.

"அக்கா," என்றார். "இது என்ன அக்கா?"

"மன்னிச்சுக்குங்க. வரி மறந்துபோச்சு."

"வரி கிடக்கட்டும். ஒரு வேலைக்காரி தலைவரோட புருவத்தைத் தடவுறா. ஏன் தடவுறா?" உடனே எழுத்தாளருக்குத் தொலைபேசி போனது. எழுத்தாளர் மறுமுனையில் அழுதாராம். ஐந்து நிமிடத்தில் பக்கம் வந்துவிட்டது. நான் பணிப்பெண் இல்லையாம். தலைவர் ஏழையாக இருந்த காலத்தில் கட்டிக்கொண்ட முதல் மனைவியாம். மகனுக்காக வாயை மூடிக்கொண்டு அந்த வீட்டிலேயே முப்பது வருடம் ஆப்பிள் நறுக்கியிருக்கிறேனாம்.

மேங் ஓடி வந்து என் இரு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒக்சுன் அம்மா, இது முப்பத்தி ஒன்னைத் தாண்டும். இன்னும் பன்னிரண்டு அத்தியாயம் நீட்டலாம். உங்க வீட்டுக்காரர் செத்தும் கொடுத்திருக்கார்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

மறுபடி எடுத்தார்கள். மணி இரண்டு ஐந்து. வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்தப் பக்கப் புருவத்தைத் தடவச் சொன்னார் குக். அப்புறம் என் தோள் மறைக்கிறது என்று இந்தப் பக்கம். அப்புறம் இடது கையால். அந்த நேரம் பெட்டிக்குள்ளிருந்து யோம் சார் கண்ணைத் திறந்தார்.

"போதும், விடுங்கடா இவளை. இவ புருஷன் கீழ கிடக்கான்."

"சார்," என்றார் குக் பணிவாக. "நீங்க செத்துட்டீங்க சார்."

யோம் சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இரண்டு வாரம் முன்பு என்றால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஷூட்டிங்கே நின்றுவிடும். அன்றோடு அவர் ஒப்பந்தம் முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் குனிந்தபோது துணிக்கடியில் என் விரலைப் பிடித்து அழுத்தினார்.

பாங் என் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். யூரிமிடமிருந்து பதினொரு அழைப்பு. கடைசியில் ஒரு செய்தி. 'மூடப் போறாங்க. இதுக்கு மேல நிறுத்த முடியாதாம். நீ அப்பாவுக்கு என்ன செய்யணும்னு நினைச்சே? நான் செஞ்சிடுறேன்.'

'புருவத்தைத் தடவிவிடு' என்று தட்டி அனுப்பினேன். அதற்குள் ஐந்தாம் டேக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டு ஐம்பதுக்குக் கீழே போனேன். சடங்கு அறை வாசலில் மூன்று மணிக் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா ஒருத்தி என்னை அடையாளம் கண்டு, "ஹன்னம் மேட்டு வீட்டுப் பொண்ணுதானே நீங்க? தலைவர் நெஜமாவே செத்துருவாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஆமாம்மா," என்றேன். பெட்டியைக் கட்டிக் குளிர் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யூரிம் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் தலையைத்தான் பார்த்தாள்.

"ஊசி எங்கம்மா?"

பாங்கின் சட்டைப் பையிலேயே போய்விட்டது. யூரிம் தன் ஊசியை எடுத்து எனக்குக் குத்திவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கேட்காமலே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை தகனம். மாலை ஒளிபரப்பு. விகிதம் முப்பத்தொன்று புள்ளி நாலு. நிலையத்திலிருந்து தரத்தைப் பதினொன்றாக உயர்த்தியிருப்பதாகக் கடிதம் வந்தது. கூடவே ஒரு மலர் வளையம். பத்தாம் தரத்தைத் தாண்டிவிட்டேன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை சாம்பல் கலசத்தைக் கலசக் கூடத்து மாடத்தில் வைத்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கதவைத் திறக்க அதை நகர்த்த வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் யூரிம் தரையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை மட்டும் யாரோ வெட்டி இணையத்தில் போட்டிருந்தார்கள். மறுபடி மறுபடி பார்த்தாள். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒன்னு கேக்கவா?"

"கேளு."

"நான் அப்பாவுக்கு இடது புருவத்தைத் தடவினேன். நீ இதுல வலதைத் தடவுறே. நான் தப்பாப் பண்ணிட்டேனா?"

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவங்க கழுவி, எண்ணெய் போட்டு, ரெண்டையும் ஒரே மாதிரி வாரி வச்சிருந்தாங்கம்மா," என்றாள். "பாத்தா தெரியல. உன்னைக் கேக்கலாம்னா நீ எடுக்கல. இடதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன். இதைப் பாத்ததுல இருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல."

கேமராவுக்காகப் பக்கம் மாற்றினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மாற்றினார்கள்தான். ஆனால் எதிலிருந்து எதற்கு? முதல் முறை என் கை தானாகப் போனது எந்தப் பக்கம்? ஐந்து டேக்கையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இடது கை, ஜின்செங் பொட்டலம், எல்லாம் ஒழுங்காக நினைவு வந்தன. முப்பத்தோரு வருடக் காலைகள்தான் வரவில்லை. சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்தேன். சாவுக்கென்று ஸ்டூடியோவில் கொடுத்தபோது சுருக்கத்தையும் மச்சத்தையும் எடுத்து, புருவம் இரண்டையும் சமமாக்கித் தந்திருந்தார்கள். அவரைக் கேட்டாலும் அவருக்கே தெரியாது என்பது போல இருந்தது முகம்.

யூரிம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடதுதான்," என்றேன். "நீ செஞ்சதுதான் சரி."

ஒரே டேக்கில் வந்துவிட்டது. அவள் நம்பினாள்.